எலிவளையை எண்ணிய அரசு: பண்டைச் சீனம் ஆளப்பட்ட விதம்

சீனாவைப் பற்றிய செய்தி எதுவானாலும் "ஐயாயிரம் ஆண்டு நாகரிகம்", "ஈராயிரம் ஆண்டுப் பேரரசு" என்ற சொற்கள் கூடவே வந்துவிடுகின்றன. கேட்பவர் மனத்தில் ஒரே படம்தான் பதிகிறது: தலைநகரில் ஒரு மன்னர், அவர் சொன்னால் அசையும் ஒரு பெரிய நாடு, அவ்வப்போது மாறுவது ஆளும் குடும்பத்தின் பெயர் மட்டும். ஷாங், சௌ, சின், ஹான் என்று அரசமரபுகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்கும் பாடநூல்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தப் படம் தவறு. ஷாங் மன்னர் செய்த வேலையும் ஹான் பேரரசர் செய்த வேலையும் ஒரே வகையைச் சேர்ந்தவையே அல்ல. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் ஆளுவது என்றால் என்ன என்பதே அங்கே மாறிப்போனது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: மன்னர் ஒருநாளும் போய்ப் பார்க்காத ஒரு கிராமத்தில் அவருடைய ஆணை எப்படிச் செல்லுபடியானது? ஒவ்வொரு அரசமரபும் இதற்கு வேறு வேறு விடை வைத்திருந்தது.

காலவரிசை

1. சியா: பிற்கால நூல்கள் சொல்லும் முதல் அரசமரபு. அதன் காலத்து எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. ஹெனான் மாகாணத்து எர்லிதோவில் கிடைத்த அரண்மனை அடித்தளங்களையும் வெண்கலப் பட்டறைகளையும் சியாவுடன் இணைத்துப் பேசுபவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயர் அங்கே எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே சியாவின் ஆட்சிமுறை பற்றிப் பேச எதுவுமில்லை.
2. ஷாங்: சுமார் கி.மு. 1600 முதல் 1046 வரை.
3. சௌ: சுமார் கி.மு. 1046 முதல் 256 வரை. கி.மு. 771-க்குப் பிறகு சௌ மன்னர் பெயரளவுக்கே மன்னர்.
4. சின்: நாடு முழுவதையும் ஆண்டது கி.மு. 221 முதல் 206 வரை மட்டுமே.
5. ஹான்: கி.மு. 202 முதல் கி.பி. 220 வரை, நடுவில் வாங் மாங் ஆட்சியைப் பறித்துக்கொண்ட கி.பி. 9–23 நீங்கலாக.

கி.மு. 841-க்கு முற்பட்ட ஆண்டுகள் எல்லாமே மதிப்பீடுகள். அந்த ஆண்டிலிருந்துதான் சீன வரலாற்றில் ஆண்டுக்கணக்கு இடைவெளியில்லாமல் தொடர்கிறது.

ஷாங்: முன்னோரைக் கேட்டு ஆண்டவர்கள்

ஷாங் அரசின் கடைசித் தலைநகரம் இன்றைய அன்யாங் அருகே இருந்தது. மாட்டின் தோள்பட்டை எலும்புகளிலும் ஆமையின் வயிற்றோடுகளிலும் இருந்த கீறல்கள் பழைய எழுத்து என்பது 1899-இல் தெரியவந்தது. 1928-இல் அங்கே முறையான அகழாய்வு தொடங்கியது. இதுவரை கிடைத்த துண்டுகள் 1,50,000-ஐத் தாண்டும். எலும்பில் குழி தோண்டிச் சூடு வைப்பார்கள். மேற்பரப்பில் விரிசல் விழும். அதைப் பார்த்து மன்னர் பலன் சொல்வார். கேட்ட கேள்வியும், சில நேரம் பிறகு நடந்ததும், அதே எலும்பில் பொறிக்கப்படும்.

விளைச்சல், மழை, போர், வேட்டை, மன்னரின் பல்வலி என்று எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வூ திங், தம் அரசி ஃபூ ஹாவின் பேறுகாலம் நல்லபடி முடியுமா என்று கேட்டிருக்கிறார். 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது, "நல்லதாக அமையவில்லை, பெண்" என்று அந்த ஓடு முடிகிறது. பெண் பிறந்ததை இப்படிக் குறித்த அதே அரசவைக்காக ஃபூ ஹாவே படை நடத்தியிருக்கிறார். 13,000 பேர் கொண்ட படை அவர் பெயரோடு ஒரு பொறிப்பில் வருகிறது. 1976-இல் திறக்கப்பட்ட அவருடைய கல்லறையில் 460-க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்களும், அவருடன் பலியிடப்பட்ட 16 பேரின் எலும்புகளும் இருந்தன.

இந்த எலும்புகளிலிருந்து ஆட்சிமுறை பற்றி மூன்று செய்திகள் தெரிகின்றன.

1. அதிகாரத்தின் ஊற்று மன்னரின் முன்னோர்கள். "தி" என்ற பெருந்தெய்வத்திடம் இறந்த மன்னர்கள் பரிந்து பேசுவார்கள், அவர்களிடம் இப்போதைய மன்னர் பேசுவார். விளைச்சலுக்கும் போருக்கும் வழி அதுதான். மன்னரைத் தவிர வேறு எவருக்கும் அந்த வழி கிடையாது.
2. மன்னர் ஓயாமல் பயணத்தில் இருந்தார். வேட்டை, போர், பலி என்று அவர் நேரில் போன இடத்தில்தான் ஆட்சி இருந்தது. சுற்றியிருந்த சிற்றரசுகள் ஒரு பருவத்தில் கூட்டாளிகள், அடுத்த பருவத்தில் எதிரிகள்.
3. எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை. வரைபடத்தில் ஷாங் நாட்டை ஒரே நிறத்தில் தீட்டிக் காட்டுவது பிற்காலப் பழக்கம்.

மேற்கே வாழ்ந்த ச்சியாங் மக்களைச் சிறைபிடித்துக் கூட்டங்கூட்டமாகப் பலியிட்டதையும் இந்தப் பொறிப்புகள் கணக்கு எழுதிவைத்திருக்கின்றன. ஷாங் கலைப்பொருள்களின் அழகைப் பேசுபவர்கள் பல நேரம் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சௌ: பங்காளிகளின் நாடு

கி.மு. 1046 அளவில், மேற்கிலிருந்து வந்த சௌ மன்னர் வூ, முயே என்ற இடத்தில் ஷாங்கை வீழ்த்தினார். வென்றவர்களுக்கு உடனே இரண்டு சிக்கல்கள். முன்னோர் துணையால்தான் ஷாங் ஆண்டது என்றால், அதை வீழ்த்த இவர்களுக்கு என்ன உரிமை? இவ்வளவு பெரிய நிலப்பரப்பை மேற்கே இருந்துகொண்டு எப்படிக் கட்டிக்காப்பது?

முதல் கேள்விக்கு அவர்கள் தந்த விடை "வானத்தின் ஆணை". வானம் தகுதியுள்ளவருக்கு ஆட்சியைக் கொடுக்கும், கெட்டுப்போனவரிடமிருந்து பறிக்கும். இது சௌ ஆட்சிக்குக் கேடயமாகவும் இருந்தது, அதன் தலைக்குமேல் தொங்கும் கத்தியாகவும் இருந்தது. பின்னாளில் சீனத்தில் ஆட்சியைக் கவிழ்த்த பலரும் இதே வாதத்தைத்தான் எடுத்தார்கள்.

இரண்டாவதற்கு விடை உறவு. மன்னர் வூ சில ஆண்டுகளிலேயே இறந்தார். மகன் செங் சிறுவன். வூவின் தம்பியான சௌ கோமகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். அதைப் பொறுக்காத அவருடைய உடன்பிறந்தவர்களே ஷாங் இளவரசனோடு சேர்ந்து கலகம் செய்தார்கள். கலகத்தை அடக்கிய பிறகு, முக்கியமான இடங்களில் உறவினரையும் நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளையும் குடியமர்த்தினார்கள். லூ நாடு சௌ கோமகனின் மகனுக்கு. சீ நாடு போரில் துணைநின்ற தளபதிக்கு. ஜின் நாடு மன்னர் செங்கின் தம்பிக்கு. ஷாங் வழித்தோன்றல்களுக்குக்கூட, முன்னோர் வழிபாடு அறுந்துவிடாதிருக்க, சோங் என்ற நாடு.

பட்டமளிப்புச் சடங்கை வெண்கலக் கலங்களின் பொறிப்புகள் விவரிக்கின்றன. நியமனம் பெறுபவர் மன்னரை நோக்கி நிற்பார், ஆணை படிக்கப்படும், தேர், வில், உடை, நிலம், அந்த நிலத்து மக்கள் என்று கொடை வரிசையாகச் சொல்லப்படும். பெற்றவர் அந்த ஆணையை ஒரு கலத்தில் வார்த்து முன்னோருக்குப் படைப்பார். மேலே சொன்ன கிராமத்துக்கு மன்னரின் ஆணை நேரே போகவில்லை. மன்னரிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து அவருடைய அதிகாரிகளின் குடும்பங்களுக்கு, அவர்களிடமிருந்து உழுபவருக்கு என்று கைமாறிப் போனது.

இதன் பலவீனத்தைத் தமிழில் விளக்க வேண்டியதே இல்லை. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தால், மூன்று தலைமுறை போனதும் அவர்கள் பங்காளிகள். கி.மு. 771-இல் மேற்கிலிருந்து வந்த படையெடுப்பில் மன்னர் யூ கொல்லப்பட, தலைநகரம் கிழக்கே லுவோயாங்குக்கு மாறியது. கி.மு. 707-இல் சௌ மன்னர் ஹுவான் ஜெங் நாட்டின்மீது படையெடுத்தார். ஜெங் நாட்டை நிறுவியவர் வேறு யாருமல்ல, ஒரு சௌ மன்னரின் தம்பி. நிறுவி நூறே ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் போரில் ஜெங் வீரன் எய்த அம்பு மன்னரின் தோளில் பாய்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சௌ மன்னரும் ஒரு பெரிய நாட்டை அடக்கிவைக்க முடியவில்லை.

தேர் போய் காலாட்படை வந்தது

அடுத்த ஐந்நூறு ஆண்டு இந்த நாடுகள் ஒன்றையொன்று விழுங்கின. போர்முறை மாறியதுதான் ஆட்சிமுறையையும் மாற்றியது. பிரபுக்கள் தேரேறிப் போரிட்ட காலத்தில் மன்னர் சில நூறு குடும்பங்களை அறிந்திருந்தால் போதும். உழவர்களைத் திரட்டிப் பெரும் காலாட்படை அமைக்க வேண்டுமென்றால் எந்த வீட்டில் எத்தனை ஆண்கள், என்ன வயது, எவ்வளவு நிலம் என்று தெரிந்தாக வேண்டும். கி.மு. 594-இல் லூ நாடு நில அளவின்படி வரி வாங்கத் தொடங்கியது. கி.மு. 536-இல் ஜெங் நாட்டு அமைச்சர் சிசான் தண்டனைச் சட்டங்களை வெண்கலக் கலத்தில் பொறித்துப் பொதுவில் வைத்தார். மக்கள் சட்டத்தைப் படித்துவிட்டால் மேலோரை மதிக்கமாட்டார்கள் என்று ஜின் நாட்டு அமைச்சர் ஒருவர் அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அவருடைய அச்சம் நியாயமானதுதான். பிரபுக்களின் விருப்பப்படி நடந்த நீதி அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

இந்த மாற்றத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது மேற்கே இருந்த சின் நாடு. கி.மு. 356-இல் ஷாங் யாங் என்ற அமைச்சர் தொடங்கிய சீர்திருத்தங்கள் இவை:

1. வீடுகள் ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் குழுவாக்கப்பட்டன. ஒருவர் செய்த குற்றத்தை மறைத்தால் மற்றவருக்கும் தண்டனை.
2. போரில் எதிரியின் தலை கொண்டுவந்தவருக்குப் பட்டப்படி உயர்வும் நிலமும். போரில் சாதிக்காத அரச உறவினருக்குச் சலுகை இல்லை.
3. வளர்ந்த மகன்கள் இருவர் தனிக்குடித்தனம் போகாமல் ஒரே வீட்டில் இருந்தால் இரட்டை வரி. கூட்டுக்குடும்பத்தை உடைத்துச் சிறு வீடுகளாக்கினால்தான் எண்ண முடியும்.
4. சிற்றூர்களை இணைத்து "சியன்" என்ற நிர்வாக அலகுகள். அவற்றுக்குத் தலைவர் பரம்பரைப் பிரபு அல்ல, மன்னர் சம்பளம் கொடுத்து அனுப்பும் அதிகாரி.
5. ஒரே அளவைகள். கி.மு. 344-இல் அவர் வார்ப்பித்த வெண்கல அளவுப்படி இன்றும் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கி.மு. 338-இல், தன்னைக் காத்த மன்னர் இறந்ததும், பகைத்துக்கொண்ட பிரபுக்களால் ஷாங் யாங் கொல்லப்பட்டார். சட்டங்களை மட்டும் யாரும் தொடவில்லை.

சின்: பதிவேட்டின் ஆட்சி

கி.மு. 221-இல் ஆறு எதிரி நாடுகளில் கடைசியானதும் விழுந்தது. தொலைவிலுள்ள பகுதிகளுக்கு இளவரசர்களை மன்னர்களாக அனுப்பலாம் என்றார் அமைச்சர் வாங் வான். சௌ அப்படிச் செய்துதான் பங்காளிகள் வெட்டிக்கொண்டு செத்தார்கள் என்று மறுத்தார் இன்னோர் அதிகாரியான லி சி. லி சி பக்கமே சாய்ந்தார் பேரரசர். நாடு 36 "ஜுன்"களாகப் பிரிக்கப்பட்டது. ஜுன் என்பதை மாவட்டம் என்றும், அதற்குள் அடங்கும் சியன் என்பதை வட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். மாவட்டத்துக்கு மூன்று அதிகாரிகள்: நிர்வாகத்துக்கு ஒருவர், படைக்கு ஒருவர், இந்த இருவரையும் கண்காணிக்க ஒருவர். எழுத்து, எடை, நாணயம், வண்டி அச்சின் அகலம் எல்லாம் ஒரே அளவுக்கு வந்தன.

சின் என்றதும் நினைவுக்கு வருவது பெருஞ்சுவரும் சுடுமண் படையும். ஆட்சி எப்படி நடந்தது என்று அறிய அவற்றைவிடப் பெரிய புதையல் 1975 இறுதியில் ஹூபெய் மாகாணத்து சுய்ஹுதியில் கிடைத்தது. கி.மு. 217 அளவில் இறந்த சி என்ற வட்ட அலுவலர் ஒருவரின் கல்லறை அது. சவப்பெட்டிக்குள் அவர் உடலைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள். தாம் பயன்படுத்திய சட்டங்களோடு மனிதர் புதைக்கப்பட்டிருக்கிறார்.

அந்தச் சட்டங்கள் சொல்பவற்றில் சில:

1. களஞ்சியத்தில் எலிவளை மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் பொறுப்பாளருக்கு ஒரு கேடயத்தின் விலை அபராதம். இரண்டுக்குள் என்றால் கண்டிப்பு. சுண்டெலி வளை மூன்று, ஒரு பெரிய எலிவளைக்குச் சமம்.
2. உழவு மாட்டின் இடுப்புச் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் பொறுப்பானவருக்குப் பத்துப் பிரம்படி.
3. பயிருக்கு ஏற்ற மழை பெய்தால், எவ்வளவு நிலம் பயன்பெற்றது என்று எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். வறட்சி, புயல், வெட்டுக்கிளி என்றாலும் அப்படியே.
4. எந்த விண்ணப்பமும் எழுத்தில்தான் வர வேண்டும். வாய்மொழியாகவோ ஆள்மூலமாகவோ கேட்கக் கூடாது.

நான்காவது விதியை அழுத்திச் சொல்ல வேண்டும். உறவால் ஆண்ட சௌவுக்கும் இந்த அரசுக்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது. கேட்பவர் யாருடைய தம்பி என்பது ஏட்டில் ஏறாது.

அந்த ஏட்டை எழுத ஆள் இருந்ததா? 2002-இல் ஹூனான் மாகாணத்து லியேயில் ஒரு பழைய கிணற்றிலிருந்து சின் காலத்துச் சுவடிகள் 36,000-க்கும் மேல் வெளிவந்தன. சியன்லிங் என்ற ஒதுக்குப்புற வட்டத்தின் அலுவலகக் கோப்புகள் அவை. ஒரு கடிதம் எந்த நாளில், எந்த வேளையில், யார் கையில் வந்து சேர்ந்தது என்பதுவரை குறிப்பு இருக்கிறது. அதே கோப்புகளில் ஊழியர் கணக்கும் உண்டு: 100-க்கு மேற்பட்ட பணியிடங்கள், வேலையில் இருந்தவர்கள் 51 பேர். மற்றவை காலியிடங்கள், அல்லது ஆள் வெளியூர்ப் பணியில். இரும்புக்கை அரசு என்று பெயரெடுத்த சின், தன் ஓரப்பகுதிகளில் ஆள் பற்றாக்குறையோடு தள்ளாடிக்கொண்டிருந்தது.

தாமதித்தால் தலை போகுமா?

சின் வீழ்ந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கி.மு. 209-இல் எல்லைக் காவலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட 900 பேர் மழையால் வழியில் மாட்டிக்கொண்டார்கள். தாமதித்தால் மரண தண்டனை. எப்படியும் சாவுதான் என்று சென் ஷெங் கலகம் தொடங்கினார். நூறாண்டுக்குப் பிறகு ஹான் வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியது இது.

சுய்ஹுதி சுவடியில் கட்டாய வேலைக்கு வருபவர்களுக்கான விதி வேறு மாதிரி இருக்கிறது. 3 முதல் 5 நாள் தாமதத்துக்குக் கண்டிப்பு. 6 முதல் 10 நாளுக்கு ஒரு கேடய அபராதம். அதற்கு மேல் ஒரு கவச அபராதம். மழை பெய்தால் அழைப்பே ரத்து. எல்லைக் காவலுக்கான படைச்சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்திருக்கலாம். இரண்டாம் பேரரசர் காலத்தில் கெடுபிடி கூடியிருக்கலாம். ஆனாலும் சின் பற்றிய நம் படம் முழுக்க அதை வீழ்த்தியவர்களின் வாரிசுகள் தீட்டியது என்பதை மறக்கக் கூடாது. சின் அரசின் கொடுமை பொய்யல்ல. அந்தக் கொடுமை வெறி பிடித்த ஒரு மன்னரின் தனிக்குணம் என்பதுதான் நம்பத்தகாதது. தண்டனையாகச் சுவர் கட்டப் போனவர்களுக்கு எத்தனை படி தானியம் என்று அளந்து கொடுத்த நிர்வாகம் அது. அளந்து, எழுதி, ஓயாமல் ஆள் கேட்டது. ஒரே தலைமுறைக்குள் ஆறு புதிய நாடுகளிடமும் அப்படிக் கேட்டது.

ஹான்: சின்னை வீழ்த்திச் சின்னாகவே ஆனது

கி.மு. 206-இல் கலகப் படைகளுள் ஒன்று தலைநகரம் சியன்யாங்கில் நுழைந்தது. அதன் தலைவர் லியூ பாங், சின் அரசின் ஓர் உள்ளூர்க் காவல்நிலையத் தலைவராக இருந்தவர். தளபதிகள் பொன்னையும் பட்டையும் தேடி ஓடினார்கள். லியூ பாங்கின் உதவியாளர், முன்னாள் வட்ட எழுத்தர் சியாவ் ஹெ, நேரே அமைச்சர் அலுவலகத்துக்குப் போய்ச் சட்டங்களையும் வரைபடங்களையும் மக்கள் பதிவேடுகளையும் கைப்பற்றினார். அடுத்த உள்நாட்டுப் போரில் எங்கே ஆள் அதிகம், எந்தக் கணவாயில் பலம் குறைவு என்று லியூ பாங்குக்குத் தெரிந்திருந்தது இதனால்தான். கி.மு. 202-இல் அவர் பேரரசர் ஆனார். சின் சட்டத்தின் பெரும்பகுதி ஹான் சட்டமாயிற்று.

ஆனால் பாதி நாட்டுக்கு அவர் சௌ முறையையே பின்பற்றினார். மேற்குப் பகுதி மாவட்டங்களாக நேரடி ஆட்சியில். கிழக்குப் பகுதி சிற்றரசுகளாக உறவினர் கையில். கதை பழையபடியே ஓடியது. கி.மு. 154-இல் ஏழு சிற்றரசர்கள் சேர்ந்து கலகம் செய்து தோற்றார்கள். கி.மு. 127-இல் பேரரசர் வூ கொண்டுவந்த ஆணை தந்திரமானது: சிற்றரசர் இறந்தால் நாட்டை மூத்த மகன் மட்டுமல்ல, எல்லா மகன்களும் பிரித்துக்கொள்ளலாம். கருணை போலத் தோன்றிய இந்த ஆணையால் சிற்றரசுகள் துண்டுதுண்டாகிக் கரைந்தன.

பேரரசர் வூவின் காலத்து ஏற்பாடுகள் வேறு சிலவும் நிலைத்தன. கி.மு. 134 முதல் மாவட்டங்கள் ஆண்டுதோறும் தகுதியானவர்களைப் பதவிக்குப் பரிந்துரைத்தன. கி.மு. 124-இல் 50 மாணவர்களோடு அரசுக் கல்விக்கழகம் தொடங்கியது. சீனத்தின் புகழ்பெற்ற தேர்வுமுறை இதுவல்ல. அது வர இன்னும் எழுநூறு ஆண்டு இருந்தது. கி.மு. 106-இல் 13 கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாவட்டத் தலைவரின் சம்பளத் தரம் 2,000 மூட்டைத் தானியம்; அவரைச் சோதிக்கும் கண்காணிப்பாளரின் சம்பளத் தரம் 600 மூட்டை மட்டுமே. சின்னவரைக் கொண்டு பெரியவரைச் சோதித்தால் சின்னவர் துணிந்து எழுதுவார் என்ற கணக்கு.

கி.பி. 2-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,22,33,062 குடும்பங்களும் 5,95,94,978 மக்களும் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களை ஆண்டவர்கள் எத்தனை பேர்? 1993-இல் யின்வானில் கிடைத்த சுவடிகள் தோங்ஹாய் என்ற ஒரு மாவட்டத்தின் கணக்கைத் தருகின்றன: 38 வட்ட அளவிலான அலகுகள், சுமார் 14 லட்சம் மக்கள், 2,203 அலுவலர்கள். ஏறக்குறைய 630 பேருக்கு ஓர் அரசு ஊழியர், அதுவும் தாளே புழக்கத்துக்கு வராத காலத்தில்.

பதிவேட்டிலிருந்து காணாமல் போனவர்கள்

ஹான் நிலவரி குறைவு, விளைச்சலில் முப்பதில் ஒரு பங்கு. உழவரை நசுக்கியது தலைவரி: 15 முதல் 56 வயதுவரை ஆளுக்கு ஆண்டுக்கு 120 காசு. அதற்கு மேல் ஆண்டில் ஒரு மாதம் கட்டாய வேலை. வரி காசாகக் கேட்கப்பட்டதால், அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் தானியத்தை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியிருந்தது. அடுத்தது கடன், அதற்கடுத்தது நிலம் கைமாறுவது. நிலமிழந்தவர் பெருநிலக்காரரின் குத்தகையாளாகப் போனால் அவர் பெயர் அரசு ஏட்டிலிருந்து மெல்ல மறையும். அதில் குத்தகையாளுக்கும் லாபம், நிலக்காரருக்கும் லாபம்.

அரசு இதைத் தடுக்கப் பார்க்காமல் இல்லை. கி.பி. 39-இல் பேரரசர் குவாங்வூ நாடு முழுவதும் நிலத்தை அளக்கவும் மக்கள் ஏட்டைச் சரிபார்க்கவும் ஆணையிட்டார். ஒரு மாவட்டத்திலிருந்து வந்த சுவடியில் ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது: "யிங்சுவானிலும் ஹோங்நோங்கிலும் விசாரிக்கலாம், ஹெனானிலும் நான்யாங்கிலும் விசாரிக்கக் கூடாது." பேரரசருக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வயது இளவரசர் விளக்கினார்: ஹெனான் தலைநகரப் பகுதி, அமைச்சர்களின் நிலம் அங்கே, நான்யாங் பேரரசரின் சொந்த ஊர், உறவினரின் நிலம் அங்கே. பொய்க் கணக்குக் கொடுத்ததற்காகப் பத்துக்கும் மேற்பட்ட மாவட்டத் தலைவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் பல இடங்களில் கலகம் வெடித்தபின், பெருநிலக்காரர்களைத் தொடும் முயற்சி அடங்கிப்போனது.

184-இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம் என்ற பெரும் உழவர் கிளர்ச்சி வந்தபோது, ஊரில் ஆள் திரட்டும் வலிமை அரசைவிட இந்தப் பெருநிலக்காரர் குடும்பங்களிடமே அதிகம் இருந்தது. 188-இல் மாகாணத் தலைவர்களுக்கு நிர்வாகமும் படையும் ஒருசேரக் கொடுக்கப்பட்டன. சின் காலத்தில் பிரித்தே வைக்கப்பட்டிருந்த அதிகாரங்கள் அவை. 220-இல் ஹான் முடிந்தது. நாடு மீண்டும் ஒன்றான 280-இல், ஜின் என்ற புதிய அரசமரபின் கணக்கெடுப்பில் தேறியவர்கள் சுமார் 1 கோடியே 61 லட்சம் பேர். போரும் நோயும் கொன்றவர்கள் போக, மீதிப்பேரில் பெரும் பகுதியினர் உயிரோடுதான் இருந்தார்கள், அரசு எண்ண முடியாத பெருநிலக்காரர்களின் வயல்களில்.